வார்சா ஒப்பந்தம் 1991-ல் முடிந்துவிட்டதே, விமான டிக்கெட்டில் எப்படி வருகிறது?

வெண்ணாறு (நீடாமங்கலம்):
திருச்சியிலிருந்து வளைகுடா போகும் டிக்கெட்டின் நிபந்தனைப் பக்கத்தில் "வார்சா உடன்படிக்கை அல்லது மாண்ட்ரியால் உடன்படிக்கை பொருந்தும்" என்று இருக்கிறது. பள்ளிப் பாடத்தில் வருகிற வார்சா ஒப்பந்தமா இது? பெட்டி உடைந்தால் எதன்படி கேட்பது?

அரசலாறு (கும்பகோணம்):
இரண்டும் வேறு. பாடத்தில் வருவது 1955 மே 14-ல் சோவியத் ஒன்றியமும் கிழக்கு ஐரோப்பிய நாடுகளுமாக எட்டு நாடுகள் போட்ட ராணுவக் கூட்டு. அது 1991 ஜூலை 1-ல் கலைந்தது. டிக்கெட்டில் இருப்பது 1929 அக்டோபர் 12-ல் கையெழுத்தான விமானப் போக்குவரத்து விதி. இரண்டும் கையெழுத்தானது போலந்துத் தலைநகரில், அதனால்தான் ஒரே பெயர். தமிழில் இரண்டையும் ஒப்பந்தம் என்றும் உடன்படிக்கை என்றும் மாற்றி மாற்றி எழுதுவதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. விமான விதியைத் திருத்திய ஹேக் நெறிமுறையும் அதே 1955-தான் என்பதால் ஆண்டை மட்டும் வைத்தும் பிரிக்க முடியாது. "வார்சா (ராணுவம், 1955)", "வார்சா (விமானம், 1929)" என்று குறிப்பில் எழுதி வையுங்கள். பாபநாசம் என்றால் தஞ்சாவூரா திருநெல்வேலியா, குத்தாலமா குற்றாலமா என்று கேட்டுத்தானே நாம் டிக்கெட் போடுகிறோம்.

வடவாறு (தஞ்சாவூர்):
பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் இதற்கான சட்டம் 1972-ஆம் ஆண்டின் விமானவழிப் போக்குவரத்துச் சட்டம். வார்சா, ஹேக், மாண்ட்ரியால் மூன்றும் அதில் அட்டவணைகளாக இருக்கின்றன. 1999-ல் உருவான மாண்ட்ரியால் உடன்படிக்கை இந்தியாவுக்கு 2009 ஜூன் 30 முதல் பொருந்துகிறது.

வார்சா கணக்கு எடைக்கு: கிலோவுக்கு சுமார் 17 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு). 20 கிலோ பெட்டிக்கு 340 வரும். மாண்ட்ரியால் கணக்கு ஆளுக்கு: 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர்., ரூபாயில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். இது உச்சவரம்புதான். நிரூபிக்கிற இழப்புக்கே பணம், அதனால் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். அதைவிட விலை உயர்ந்த பொருள் என்றால் பெட்டியை ஒப்படைக்கும்போதே மதிப்பைத் தனியாக அறிவித்து, கூடுதல் கட்டணம் கேட்டால் கட்ட வேண்டும்.

பலர் தவறவிடுவது கெடுவைத்தான். சேதம் என்றால் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார். தாமதம் என்றால் பெட்டி வந்து சேர்ந்ததிலிருந்து 21 நாள். 21 நாளாகியும் பெட்டியே வராவிட்டால் தொலைந்ததாகக் கொண்டு இழப்பீடு கேட்கலாம். வழக்குக்கு 2 ஆண்டு. வெளியே வருவதற்கு முன் விமான நிறுவனத்தின் கவுண்டரில் பி.ஐ.ஆர். (பெட்டியில் வந்த குறையைப் பதிவு செய்யும்) படிவம் எழுதி நகல் வாங்குங்கள். பெட்டியின் டேக்கைக் கிழித்துப் போடாதீர்கள். புகார் எழுதாமல் பெட்டியை எடுத்துப் போய்விட்டால், வேறு ஆதாரம் காட்டாதவரை நல்ல நிலையில் வாங்கியதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

கடுவையாறு (நாகப்பட்டினம்):
தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு இதையும் சேர்க்கிறேன். வார்சா கிளர்ச்சி என்று இரண்டு உண்டு. 1943 ஏப்ரலில் எழுந்தது, நாஜி ஜெர்மானியர் கெட்டோவில் (சுவர் எழுப்பிப் பிரித்த குடியிருப்பில்) அடைத்த யூதர்களின் எழுச்சி. 1944 ஆகஸ்ட் 1-ல் தொடங்கி 63 நாள் நடந்தது போலந்தின் தலைமறைவுப் படை அதே ஜெர்மானியரை எதிர்த்து நகரம் முழுக்க நடத்திய போர். இதை ஒன்றாக்கி எழுதுவது பெரிய பிழை, இறந்தவர்களுக்கும் நியாயமில்லை. வார்சா வானொலிக் கோபுரம் (646 மீட்டர், 1991 ஆகஸ்ட் 8-ல் இழுவைக் கம்பி மாற்றும்போது சரிந்தது) அந்த நகரத்திலேயே இல்லை, கொன்ஸ்தாந்தினுஃப் என்ற ஊரில் இருந்தது. 2013 பருவநிலை மாநாட்டில் உருவான வார்சா பன்னாட்டுப் பொறியமைப்பு, புயலும் கடல்மட்ட உயர்வும் தரும் இழப்பு, சேதம் பற்றியது. கடலோர டெல்டாக்காரர்கள் இதைத்தான் முதலில் படிக்க வேண்டும். நெப்போலியன் காலத்து வார்சா டச்சி என்ற சிற்றரசு (1807–1815), 1951 முதல் 1973 வரை வந்த வார்சாவா கார் இரண்டும் ஒரு வரியில் போதும்.

வெண்ணாறு:
நன்றி. போகிற நாடு மாண்ட்ரியாலில் சேராவிட்டால்? நாச்சியார்கோயில் விளக்கு கொண்டுபோகலாமா?

வடவாறு:
போய்வர ஒரே டிக்கெட் என்றால் புறப்படும் இடமும் சேரும் இடமும் திருச்சி, அதனால் மாண்ட்ரியால்தான். ஒருவழி டிக்கெட்டுக்கு இரண்டு நாடுகளும் சேர்ந்திருக்க வேண்டும். விளக்கை மரை கழற்றி அன்னம், தண்டு, தட்டு, அடிப்பாகம் எல்லாவற்றையும் தனித்தனியாகத் துணியில் சுற்றி, கனமானதைச் சக்கரப் பக்கம் வையுங்கள். கழற்றாமல் வைத்தால் தண்டு மரையில் வளைந்துவிடும். கட்டியது சரியில்லை என்று இழப்பீட்டையும் குறைப்பார்கள். மூடுமுன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.