பழுதாகிவரும் செய்மதித் தொலைக்காட்சி ரெக்கோடர்: ஹார்ட் டிஸ்க்கை மாற்றுவதா, புதுப் பெட்டி வாங்குவதா?

கல்லடிவாசி:

வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது ஒரு செய்மதித் தொலைக்காட்சிச் சேவையின் பழைய ரெக்கோடர் பெட்டி. அதனுள்ளே 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. கூரையிலிருந்து இரண்டு கேபிள்கள் இறங்குவதால் ஒரு சனலைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிவு செய்ய முடிகிறது. அம்மாவின் நாடகமும் என்னுடைய கிரிக்கெட்டும் இத்தனை காலம் சண்டையில்லாமல் ஒரே வீட்டில் இருந்ததற்கு இதுவே காரணம்.

கடந்த மாரிக்குப் பிறகு பெட்டி தடுமாறத் தொடங்கியது. பதிவு செய்த நிகழ்ச்சிகள் நடுவில் உறைந்து நிற்கின்றன, படம் சதுரம் சதுரமாக உடைகிறது, சில பதிவுகள் பட்டியலில் தெரிந்தாலும் திறக்க மறுக்கின்றன. இரவில் வீடு அடங்கிய பிறகு உள்ளேயிருந்து 'டிக், டிக்' என்று ஒரு சத்தம் கேட்கிறது. மின்சாரம் போய் வந்தால் முன்பக்க விளக்கு சிவப்பிலேயே நின்றுவிடுகிறது. பிளக்கைத் திரும்பத் திரும்பக் கழற்றிச் சொருகினால்தான் பெட்டி எழும்புகிறது. நகரில் ஒரு கடையில் ஹார்ட் டிஸ்க்கை மாற்றினால் போதும் என்றார்கள். இன்னொரு கடையில், இதற்குச் செலவழிப்பது வீண், யூஎஸ்பியில் பதிவு செய்யும் புதிய எச்டி பெட்டியை வாங்குங்கள் என்றார்கள். இரண்டு கடையிலும் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை.

இன்னொரு விடயமும் உண்டு. மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் ஆலயத்தின் ஆடி அமாவாசைத் தீர்த்தோற்சவ நேரலை ஒன்று இந்தப் பெட்டியில் இருக்கிறது. அதில் காலஞ்சென்ற எங்கள் அப்பாச்சி தீர்த்தக்குளப் படியில் நிற்பது தெளிவாகத் தெரியும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கணினியில் இணைத்து அதைப் பிரதியெடுக்க முடியுமா?

கல்முனைத் திருத்துனர்:

வணக்கம் தம்பி. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற வேலைகளின் ஒழுங்கு அதைப் பொறுத்தே அமையும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கணினியில் இணைப்பதால் பயனில்லை. கட்டணச் சேவைகளின் ரெக்கோடர்கள் பதிவுகளைக் குறியாக்கம் செய்தே எழுதுகின்றன. அதற்கான திறவுகோல் அந்தப் பெட்டியோடும் அதன் ஸ்மார்ட் காட்டோடும் பிணைந்திருக்கிறது. கணினியில் மட்டுமல்ல, அதே மாதிரியைச் சேர்ந்த இன்னொரு பெட்டியில் போட்டாலும் அது திறக்காது. பெரும்பாலும் டிஸ்க்கை அழித்து ஃபோர்மட் செய்யவா என்று கேட்கும். ஆகவே அந்தப் பதிவு வெளியே வர வேண்டுமானால், இந்தப் பெட்டி உயிரோடு இருக்கும்போது, இந்தப் பெட்டியே அதை ஓட்டிக் காட்ட வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. எச்டிஎம்ஐ வழியில் நகல் தடுப்பு இருக்கும், அதை விட்டுவிடுங்கள். பின்பக்கத்தில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை நிறத்தில் உள்ள பழைய ஏவி துளைகளில் கம்பியைப் பொருத்தி, மறுமுனையை யூஎஸ்பி வீடியோ கப்சர் கருவி ஒன்றின் ஊடாகக் கணினிக்குக் கொடுத்து, நிகழ்ச்சியை ஓடவிட்டுப் பதிவு செய்யுங்கள். தரம் எச்டி அளவுக்கு வராது, ஆனால் முகம் தெரியும். சில கட்டண நிகழ்ச்சிகளுக்கு இவ்வழியும் தடுக்கப்பட்டிருக்கும். அப்படியானால் கமராவை முக்காலியில் நிறுத்தி, அறையை இருட்டாக்கித் திரையையே படமெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. எதுவானாலும் இதை முடித்த பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும். அதுவரை பதிவு அட்டவணையில் உள்ள அனைத்தையும் நீக்கிவிடுங்கள். தட்டும் சத்தம் வரும் டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதாமல் இருப்பதே நல்லது.

இனிப் பழுதுக்கு வருகிறேன். நீங்கள் சொன்ன அறிகுறிகள் ஒரே பழுதினுடையவை அல்ல. பதிவு உறைவது டிஸ்க்கைக் காட்டுகிறது, படம் சதுரமாக உடைவது டிஸ்க்காகவும் இருக்கலாம் சிக்னலாகவும் இருக்கலாம், பெட்டி எழும்ப மறுப்பது பவர் சப்ளையைக் காட்டுகிறது. நேரலை நன்றாக வந்து பதிவு மட்டும் உடைந்தால் டிஸ்க் பழுது என்று பலர் சொல்வார்கள். அது பாதிதான் சரி. இந்த வகைப் பெட்டிகள் நேரலையை நிறுத்திப் பார்ப்பதற்கும் பின்னோட்டிப் பார்ப்பதற்கும் வசதியாக, நீங்கள் பதிவு செய்யாத வேளையிலும் பார்க்கும் சனலை இடைவிடாமல் டிஸ்க்கில் எழுதிக்கொண்டே இருக்கும். எனவே டிஸ்க் பழுதானால் நேரலையும் தடுமாறும். செட்டிங்கில் அந்த வசதியை நிறுத்த முடிந்தால் நிறுத்திவிட்டு நேரலையைப் பாருங்கள். அப்போதும் படம் உடைந்தால் குறை கூரைப் பக்கத்தில் இருக்கிறது.

பவர் சப்ளை பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் பகுதியில் இவ்வகைப் பெட்டிகள் சாவது பெரும்பாலும் அங்கேதான். மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் மலிவான எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் ஒன்றின் மேல், 105 பாகை வெப்பத்தில் 2000 மணித்தியாலம் தாங்கும் என்ற தரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெப்பம் 10 பாகை குறையும்போது ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொதுவான கணக்கு. மூடிய பெட்டிக்குள் 65 பாகையில் அது வேலை செய்தால் சுமார் 32,000 மணித்தியாலம் தாங்கும். ரிமோட்டில் அணைத்தாலும் இந்தப் பெட்டி முழுமையாக உறங்குவதில்லை என்பதால், அது நாலு வருடத்துக்கும் குறைவான காலம். கச்சான் என்ற வெப்பக்காற்று வீசும் மாதங்களில், தொலைக்காட்சி மேசையின் மூடிய தட்டுக்குள், மேலே துணி விரித்து வைத்திருக்கும் பெட்டிக்கு அதுவும் கிடைக்காது. கெப்பாசிட்டர் உலர்ந்தால் 12 வோல்ட் வழங்கல் தளர்ந்துவிடும். ஹார்ட் டிஸ்க்கின் மோட்டார் சுழலத் தொடங்கும் கணத்தில்தான் அதிக மின்சாரம் இழுக்கும், அந்தக் கணத்தில் வோல்ட் விழுந்தால் டிஸ்க் நின்று மீண்டும் சுழல முயலும். நீங்கள் கேட்கும் 'டிக்' சத்தம் அதனாலும் வரக்கூடும். டிஸ்க் மட்டும் மாற்றித் தரும் கடையில் இதைப் பார்க்காவிட்டால் புது டிஸ்க்கும் அதே பாட்டைப் பாடும்.

மூடியைத் திறந்தால் பவர் போர்டில் உள்ள கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ அடியில் பழுப்பு நிறக் கசிவு இருந்தாலோ, அதே மைக்ரோஃபரட் அளவும் அதே அல்லது கூடிய வோல்ட் அளவும் கொண்ட 105 பாகைக் கெப்பாசிட்டரைப் போட வேண்டும். ஆனால் நீங்களாகத் தொட வேண்டாம். 230 வோல்ட் வரும் பக்கத்தில் உள்ள பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் அளவில் மின்சாரம் தேங்கியிருக்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் அது சற்று நேரம் இறங்காமல் நிற்கும்.

காரைதீவு ஆசிரியை:

சதுரம் உடைவது பற்றி மட்டும் ஒரு சொல். எங்கள் வீடு கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. உப்புக்காற்றினால் டிஷ்ஷின் முன்னே நின்று சிக்னலை வாங்கும் எல்என்பி என்ற சிறு கருவியில் கேபிளைப் பொருத்தும் எஃப் கனெக்டர் உள்ளே பச்சை பிடித்து, நடுக்கம்பி இற்றுப்போயிருந்தது. பல கேபிள்களில் அந்த நடுக்கம்பி செம்புப் பூச்சிட்ட உருக்குதான். பூச்சு போனால் துருவேறும். பெட்டியைத் திறப்பதற்கு முன், பின்பக்கத்தில் உள்ள இரண்டு கேபிள்களையும் பெட்டியை அணைத்துவிட்டு இடம் மாற்றிச் சொருகிப் பாருங்கள். குறை ஒரு ட்யூனரிலிருந்து (பெட்டிக்குள் சனலைப் பிடிக்கும் பகுதி) மற்றதற்கு இடம் மாறினால் அது கேபிளின் குற்றம், பெட்டியின் குற்றமல்ல. கனத்த மழையின்போது மட்டும் படம் உடைந்தால் அதைப் பழுதென்று கொள்ள வேண்டாம், செய்மதித் தொலைக்காட்சி வரும் கேயூ அலைவரிசையின் இயல்பு அது.

படுவான்கரையான்:

திருத்துனர் ஐயா சொன்னதில் பிழையில்லை, ஆனால் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. பெட்டி எந்தக் காலத்தது என்பதை முதலில் பாருங்கள். எம்பெக்-2 என்ற பழைய பட அமுக்க முறையை மட்டும் படிக்கக்கூடிய பெட்டியானால், எச்டி சனல்கள் எம்பெக்-4 என்ற புதிய அமுக்க முறையிலும் டிவிபி-எஸ்2 என்ற புதிய ஒளிபரப்பு முறையிலும் வருவதால், எவ்வளவு திருத்தினாலும் அவற்றைக் காட்ட அதனால் இயலாது. 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட தொலைக்காட்சியை வாங்கி வைத்துவிட்டு 720க்கு 576 அளவிலான படத்தை இழுத்துப் பார்ப்பதற்காக யாராவது பணம் செலவழிப்பார்களா?

இரண்டாவது, அந்தப் பெட்டி உங்களுடையதா, சேவை நிறுவனத்துடையதா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். நிறுவனத்துடையதானால் முத்திரையை உடைப்பதே உங்களுக்கு வில்லங்கம். மாற்றித் தரும்படி கேட்பதுதான் முறை.

மூன்றாவது, அம்மா பார்க்கும் நாடகங்களை சனல்காரர்களே யூரியூப்பில் ஏற்றுகிறார்கள். கல்லடியில் ஃபைபர் இணைப்பு எடுத்துக்கொள்ளக்கூடிய வீடு என்றால் பதிவுப் பெட்டி எதற்கு? மட்டக்களப்பு வாவிக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊரில் இன்னும் அந்த வசதி வரவில்லை, டேட்டா பக்கேஜ் போட்டு நாடகம் பார்த்தால் மாத நடுவிலேயே தீர்ந்துவிடும். எங்களுக்கு ரெக்கோடர் தேவை. உங்களுக்குத் தேவையா என்று யோசியுங்கள்.

கல்முனைத் திருத்துனர்:

படுவான்கரை நண்பர் சொன்ன முதல் இரண்டும் கட்டாயம் பார்க்க வேண்டியவை. எம்பெக்-2 பெட்டியென்றால் நானும் திருத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் யூஎஸ்பியில் பதிவு செய்யும் புதுப் பெட்டியை ரெக்கோடருக்குச் சமமாக எண்ணக் கூடாது. அவற்றில் பலவற்றுக்கு ஒரே ட்யூனர்தான். கிரிக்கெட் பதிவாகிக்கொண்டிருக்கும்போது நாடகம் பார்க்க முடியாது. கடையில் இதை யாரும் தாமாகச் சொல்வதில்லை. "எத்தனை கேபிள் செருகலாம்" என்று கேட்டு, பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். யூஎஸ்பி 2 துளை தருவது 0.5 அம்பியர், சிறிய ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும்போது அதற்கு மேல் கேட்கும். அதனால் தனி மின்னிணைப்புள்ள டிஸ்க்கைத்தான் அதில் பொருத்த வேண்டும். அதில் செய்யும் பதிவும் அந்தப் பெட்டிக்கு மட்டுமே திறக்கும் என்பதில் மாற்றமில்லை.

திருத்துவதென்று முடிவானால், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத சிப் வகைச் சேமிப்பு, போடலாமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். ஓயாமல் எழுதினால் எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்று பொதுவாகச் சொல்வார்கள், கணக்குப் போட்டால் அந்தப் பயம் பெரிதல்ல. எச்டி சனல் ஒன்று விநாடிக்கு 8 மெகாபிட் என்றால் மணிக்கு 3.6 ஜிபி, நாள் முழுதும் எழுதினால் 86 ஜிபி, வருடத்துக்கு 31 டெராபைட் அளவு. 500 ஜிபி எஸ்எஸ்டி சிலவற்றுக்கு 300 டெராபைட் வரை எழுதலாம் என்று உற்பத்தியாளரே உத்தரவாதம் தருகிறார். இரண்டு ட்யூனரும் எழுதினாலும் பெட்டியின் மிச்ச ஆயுளுக்கு அது போதும். வெப்பமும் குறைவு, சுழலும் மோட்டார் இல்லாததால் பவர் சப்ளைக்கும் சுமை குறைவு. காசைப் பார்த்தால் சிசிடிவிக்கென்று விற்கும் ஹார்ட் டிஸ்க்கும் நல்லதுதான்; சாதாரணக் கணினி டிஸ்க் வேண்டாம். எதுவானாலும் பழையதன் அதே கொள்ளளவில் வாங்குங்கள், ஏனெனில் சில பெட்டிகள் பெரிய டிஸ்க்கை ஏற்காது.

கல்லடிவாசி:

அனைவருக்கும் நன்றி. பெட்டி எங்களுக்குச் சொந்தமானது, எம்பெக்-4 எச்டி படிக்கக்கூடியது என்பதை உறுதிசெய்துகொண்டேன். ஆசிரியை அக்கா சொன்னபடி கேபிள்களை மாற்றிப் பார்த்தபோது சதுரம் உடைவதும் அந்தக் கேபிளோடு சேர்ந்து மற்ற ட்யூனருக்குப் போய்விட்டது; கூரையில் ஏறிப் பார்த்தால் கனெக்டரைக் கையில் எடுக்கும்போதே நடுக்கம்பி உதிர்ந்துவிட்டது. தீர்த்தோற்சவப் பதிவு ஏவி வழியாகக் கணினிக்கு வந்துவிட்டது. ஓரிடத்தில் சில விநாடிகள் உறைந்தாலும் அப்பாச்சி நிற்கும் பகுதி முழுதாக இருக்கிறது, இரண்டு பென்டிரைவில் பிரதியெடுத்தும் வைத்தேன்.

யூரியூப்பில் பார்க்கலாம் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் வருவதை எதற்காகத் தேடிக்கொண்டிருக்க வேண்டும் என்று கேட்டார். என்னிடம் மறுமொழி இல்லை. ஆகவே இரண்டு ட்யூனர் பெட்டியையே வைத்துக்கொண்டு, கெப்பாசிட்டர்களை மாற்றி, 500 ஜிபி எஸ்எஸ்டி போடுவதாக முடிவு செய்திருக்கிறேன். மின்சாரம் திடீரென்று போய் வருவதற்கு என்ன செய்யலாம்?

கல்முனைத் திருத்துனர்:

கணினிக்கு வைக்கும் சிறிய யூபிஎஸ் ஒன்றே போதும். இந்தப் பெட்டி இழுப்பது சொற்ப வாட்தான். 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலில் இருந்த நாட்களில் என் மேசைக்கு வந்த பெட்டிகளில் அதிகமானவை மின்சாரம் திரும்பி வரும் நொடியில் அடிபட்டவை. தொலைக்காட்சியை அந்த யூபிஎஸ்ஸில் இணைக்க வேண்டாம், பெட்டிக்கு மட்டும் கொடுங்கள். புதுக் கேபிளை இறக்கும்போது கூரை விளிம்பில் ஒரு வளையம் தொங்கவிட்டுச் சுவருக்குள் எடுங்கள், மழைநீர் அந்த வளையத்தின் அடியிலேயே சொட்டிவிடும். கனெக்டருக்கு மேல் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பைச் சுற்றுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப் அடுத்த மாரிக்குள் பசை விட்டுவிடும்.