பென் டிரைவில் ஷார்ட்கட், மூலையில் பாப்-அப், டாலி திறக்கலை: மூணும் ஒரே வைரஸா? ஃபார்மேட் போடலாமா?

லீபஜார் கணக்கு:
வணக்கம்ங்க. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மண்டி ஆபீஸ். மூணு சிஸ்டம், மூணும் விண்டோஸ் 10. ஒரே வாரத்தில் மூணுலயும் கோளாறு.

பிரிண்டர் சிஸ்டம்: எந்த பென் டிரைவ் போட்டாலும் உள்ளே இருக்கிற ஃபோல்டர் எல்லாம் அம்புக்குறி போட்ட ஷார்ட்கட்டா மாறிடுது. ஒவ்வொண்ணும் 1 கேபி, 2 கேபிதான்.

மெயில் சிஸ்டம்: வலது கீழ் மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்" என்று ரெண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை பெட்டி வருது. மத்தபடி வேகம் குறையலை.

டாலி சிஸ்டம்: டாலி கணக்கு மென்பொருளில் கம்பெனி திறக்கலை. எக்செல், ஸ்கேன் பண்ணின பில், எல்லா ஃபைல் பேருக்கும் கடைசியில் புதுசா நாலு எழுத்து ஒட்டியிருக்கு. ஒவ்வொரு ஃபோல்டரிலும் "ரீட்மீ" என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல், 999 டாலர் கேட்குது, 72 மணி நேரத்துக்குள்ள கட்டினா 499 ஆம். அதுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் ஆபீஸ் மென்பொருளுக்கு இலவச ஆக்டிவேட்டர் ஒண்ணு போட்டிருக்காங்க.

சர்வீஸ்காரர், "ஒரே வைரஸ்தான் பரவியிருக்கு, மூணையும் ஃபார்மேட் போட்டுடலாம்" என்கிறார். 20ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர் 3பி (ஜிஎஸ்டி மாதக் கணக்கு) போட்டாகணும். என்ன செய்யட்டும்?

அஸ்தம்பட்டி சர்வீஸ்:
ஃபார்மேட் வேண்டாம்ங்க, முக்கியமா டாலி சிஸ்டத்தில் கை வைக்க விடாதீங்க. மூணும் மூணு ஜாதி. பிரிண்டர் சிஸ்டத்தில் இருப்பது வார்ம். மெயில் சிஸ்டத்தில் வருவது பெரும்பாலும் வைரஸே கிடையாது, ப்ரவுசர் அறிவிப்பு. டாலி சிஸ்டத்தில் நடந்தது ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்பது; அது உள்ளே வந்த வழி ட்ரோஜன்.

எல்லாத்தையும் வைரஸ் என்றே சொல்லிப் பழகிட்டோம். உண்மையில் வைரஸ் என்பது நல்ல ஃபைலுக்குள்ளே தன்னை எழுதிக்கொண்டு, அந்த ஃபைலைத் திறக்கும்போது பரவுவது. வார்முக்கு அப்படி ஒரு வாகனம் வேண்டாம், நெட்வொர்க்கிலோ பென் டிரைவிலோ தானே தன் நகலைப் போடும். ட்ரோஜன் தானா பரவாது. வேண்டிய பொருள் மாதிரி வேஷம் போட்டு நம்ம கையாலேயே உள்ளே வரும். ரான்சம்வேர், உளவு, விளம்பரம் இதெல்லாம் உள்ளே வந்த பிறகு பார்க்கிற வேலையின் பெயர். வந்த வழி ஒண்ணு, செய்கிற வேலை ஒண்ணு. மருந்து சொல்ல ரெண்டும் தெரியணும்.

முதலில் டாலி சிஸ்டம். லேன் ஒயரைப் பிடுங்குங்க, வைஃபை அணைங்க, சிஸ்டத்தை ஷட் டவுன் பண்ணுங்க. பேக்கப் ஹார்ட் டிஸ்க் எதையும் அதில் செருகவே செருகாதீங்க. காரணம் சொல்றேன். நாலெழுத்து வால், ரீட்மீ ஃபைல், 999-499 டாலர், முந்தின நாள் போட்ட ஆக்டிவேட்டர், இந்த நாலும் சேர்ந்தால் அது ஸ்டாப் என்றும் டிஜேவியூ என்றும் சொல்லப்படும் குடும்பம். அது டாஸ்க் ஷெட்யூலரில் "டைம் ட்ரிகர் டாஸ்க்" என்ற பெயரில் ஒரு வேலையைப் பதிந்து வைக்கும், 5 நிமிஷத்துக்கு ஒருமுறை திரும்ப ஓடும். பேக்கப்பைச் செருகினால் அடுத்த சுற்றில் அதுவும் பூட்டிடும். சிஸ்டம் அணைத்த பிறகு ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, தேதி எழுதி ஒட்டி, தனியா வையுங்க. புது டிஸ்க் போட்டு அதில் விண்டோஸ் ஏற்றுங்க.

குகை நெட்வொர்க்:
அண்ணா சொன்னதோட ஒண்ணு சேர்க்கிறேன். கழற்றுற அந்த டிஸ்க் வெறும் குப்பை இல்லை. இந்தக் குடும்பம் ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபி அளவைத்தான் பூட்டும், வேகமா முடிக்கிறதுக்காக. சின்ன பில் படம் முழுசா போயிடும். ஆனா 400 எம்பி வீடியோ, பெரிய ஜிப் மாதிரியான ஃபைலில் மீதி அப்படியே இருக்கும். ஜிப்பை ரிப்பேர் பண்ணினால் முதல் ஒன்றிரண்டு உருப்படி போக மற்றவை வரும். ஃபார்மேட் போட்டு மேலே எழுதிட்டால் அந்த வாய்ப்பும் போச்சு.

அடுத்து, ரீட்மீ ஃபைலின் கடைசியில் "பர்சனல் ஐடி" என்று நீளமா ஒரு வரி இருக்கும். அதன் கடைசி ரெண்டு இடம் பாருங்க. ஆங்கிலத்தின் 20ஆவது எழுத்தும் அதை ஒட்டி 1 என்ற எண்ணும் இருந்தால் ஆஃப்லைன் சாவி. அதாவது பூட்டின நேரத்தில் அவங்க சர்வர் கிடைக்காமல், கையோடு கொண்டுவந்த பொதுச் சாவியால் பூட்டியிருக்கு. பல பேருக்கு அதே சாவிதான். அந்தச் சாவி வெளியே தெரிய வந்த ரகங்களுக்கு எம்சிசாஃப்ட் நிறுவனத்தின், பூட்டைத் திறக்கும் இலவச டிக்ரிப்டர் வேலை செய்யும். வேற எதிலாவது முடிந்தால் ஆன்லைன் சாவி, உங்க சிஸ்டத்துக்கு மட்டும் உண்டாக்கினது. அதை உடைக்க இப்போ வழி இல்லை. 2016இல் யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் சேர்ந்து தொடங்கின "நோ மோர் ரான்சம்" தளத்தில் ரீட்மீ ஃபைலையும் பூட்டின ஒரு ஃபைலையும் ஏற்றினால் எந்தக் குடும்பம், தீர்வு இருக்கா என்று சொல்லும். பணம் வாங்காமல் சொல்லும். "நாங்க எல்லா ரான்சம்வேரும் திறந்து தருவோம்" என்று முன்பணம் கேட்கிறவங்களை நம்பாதீங்க.

இதைவிட அவசரம் இன்னொண்ணு. டிஜேவியூ தனியா வராது. கூடவே கடவுச்சொல் திருடும் மென்பொருளையும் இறக்கும். முன்னே அசோரல்ட், பிறகு விடார். ப்ரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டு, குக்கி (லாகின் ஆனதை நினைவில் வைக்கும் சின்னத் தகவல்) எல்லாம் சில நிமிஷத்தில் வெளியே போயிருக்கும். பாங்க், ஜிஎஸ்டி போர்ட்டல், மெயில் எல்லாத்துக்கும் பாஸ்வேர்டு மாற்றுங்க, ஆனால் அந்த மூணு சிஸ்டத்தில் இருந்து இல்லை, சுத்தமான போனில் இருந்து. மெயிலில் "எல்லா சாதனங்களிலிருந்தும் வெளியேறு" கொடுக்கணும். குக்கி அவன் கையில் இருந்தால் பாஸ்வேர்டோ ஓடிபியோ கேட்காமலே உள்ளே வந்துடுவான். பாங்க் கணக்கில் பணம் நகர்ந்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்க, தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம்.

லீபஜார் கணக்கு:
அந்த டிஸ்க்கைக் கழற்றியாச்சுங்க. மத்த ரெண்டையும் எப்படிப் பார்க்கிறது?

அஸ்தம்பட்டி சர்வீஸ்:
மெயில் சிஸ்டம் சீக்கிரம் முடிஞ்சுடும். பெட்டி வரும்போது தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தைப் பாருங்க, குரோம் என்றும் ஒரு தளத்தின் பெயரும் இருக்கும். ஏதோ பக்கத்தில் "நான் ரோபோ இல்லை என்றால் அலோ அழுத்து" என்று கேட்டு யாரோ அழுத்தியிருப்பாங்க. குரோம் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அங்கே தெரியாத தளங்களை எல்லாம் நீக்குங்க. எக்ஸ்டென்ஷன் பட்டியலையும் பாருங்க. மெனுவின் அடியில் "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்ற வரி இருந்தால் மட்டும் விஷயம் வேற: மண்டி ஆபீசில் யாரும் அப்படிப் பாலிசி போட்டிருக்க மாட்டாங்க, ஆட்வேர் போட்டது. அப்போ மறுபடி எழுதுங்க.

பிரிண்டர் சிஸ்டத்தில் முறை முக்கியம். பென் டிரைவை முதலில் சுத்தம் பண்ணாதீங்க, எத்தனை தடவை பண்ணினாலும் செருகின சில வினாடியில் திரும்ப வரும். ஓடிக்கிட்டிருக்கிற வார்மை முதலில் நிறுத்தணும்.

டாஸ்க் மேனேஜர் திறந்து டீடெய்ல்ஸ் தாவலுக்குப் போங்க. மேல் தலைப்பு வரிசையில் ரைட் கிளிக், செலக்ட் காலம்ஸ், "கமாண்ட் லைன்" டிக் பண்ணுங்க. இப்போ டபிள்யூஸ்கிரிப்ட்.எக்ஸ்இ என்று ஒண்ணு ஓடுதா பாருங்க. அது விண்டோஸின் சொந்த ஃபைல், அதை அழிக்கக் கூடாது. அது எந்த ஸ்கிரிப்டை ஓட்டுகிறது என்பது கமாண்ட் லைனில் தெரியும், பெரும்பாலும் ஆப்டேட்டா அல்லது டெம்ப் ஃபோல்டரில் இருக்கிற ஒரு விபிஎஸ் ஃபைல். பாதையைக் குறிச்சுக்கிட்டு எண்ட் டாஸ்க் கொடுங்க, பிறகு அந்த விபிஎஸ் ஃபைலை அழியுங்க. ஸ்டார்ட்அப் தாவல், டாஸ்க் ஷெட்யூலர் ரெண்டிலும் அதே பெயர் இருந்தால் எடுங்க. மைக்ரோசாஃப்டின் ஆட்டோரன்ஸ் கருவி இருந்தால் எல்லாம் ஒரே திரையில் தெரியும், மஞ்சள் நிற வரிகள் ஃபைல் இல்லாத பாதைகள்.

கடைசியா விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் போய் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன். சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் ஏறும் முன்னே 15 நிமிஷம் போல ஓடும். ஒளிஞ்சுக்கிட்டு ஓடுற ரூட்கிட் இருந்தாலும் அதில்தான் மாட்டும்.

பிறகு பென் டிரைவ். கமாண்ட் ப்ராம்ப்டில் அந்த டிரைவ் எழுத்துக்குப் போய் அட்ரிப் கட்டளை: அட்ரிப், இடைவெளி, மைனஸ் எஸ், மைனஸ் ஹெச், மைனஸ் ஆர், நட்சத்திரம் புள்ளி நட்சத்திரம், சாய்கோடு எஸ், சாய்கோடு டி. ஒவ்வொண்ணுக்கும் நடுவில் இடைவெளி. மைனஸ் ஹெச் மட்டும் போட்டால் "நாட் ரீசெட்டிங் சிஸ்டம் ஃபைல்" என்று மறுக்கும், ஏன்னா வார்ம் அந்த ஃபோல்டர்களுக்கு சிஸ்டம் முத்திரையும் குத்தியிருக்கு. உங்க நிஜ ஃபோல்டர் எதுவும் அழியலை, ஒளிச்சுத்தான் வெச்சிருக்கு. சில ரகத்தில் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள்ளே எல்லாத்தையும் தள்ளியிருக்கும், அதையும் திறந்து பாருங்க. ஆவணங்களை மட்டும் எடுத்துக்கிட்டு பென் டிரைவை ஃபார்மேட் போடுங்க. ஃபார்மேட் இங்கேதான் வேணும்.

குகை நெட்வொர்க்:
அண்ணா, ஒரு இடத்தில் மாறுபடுறேன். விபிஎஸ்தான் என்று முன்கூட்டி முடிவு பண்ண வேண்டாம். ஷார்ட்கட்டைத் திறக்காமல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டார்கெட் பெட்டியைப் பாருங்க. விபிஎஸ் பெயர் இருந்தால் பழைய ரகம், சொன்ன வைத்தியம் போதும். எம்எஸ்ஐஎக்ஸெக் என்றும் பக்கத்தில் ஒரு இணைய முகவரியும் இருந்தால் அது ராஸ்ப்பெரி ராபின் மாதிரியான ரகம். 2021இல் கண்டுபிடிச்சது, பின்னால் வேற கும்பலுக்கு, ரான்சம்வேர் உட்பட, வாசல் திறந்து விடும் வேலை பார்க்கும். அப்படி இருந்தால் அந்த சிஸ்டத்துக்கும் புது விண்டோஸ்தான்.

இன்னொண்ணு, டிஃபெண்டரின் ப்ரொடெக்‌ஷன் ஹிஸ்டரியில் பிடிச்சதுக்கு ஒரு பெயர் இருக்கும். அதில் முக்காற்புள்ளிக்கு முன்னால் இருக்கிற முதல் சொல்லே ஜாதியைச் சொல்லிடும்: வார்ம், வைரஸ், ட்ரோஜன், ரான்சம், ஹேக்டூல், பியூஏ (வேண்டாத மென்பொருள்). அடுத்து எந்த மேடை, பிறகு குடும்பப் பெயர். "வைரஸ்" என்று முதல் சொல் வந்தால்தான் உங்க எக்ஸ்இ ஃபைல்களே நோய்ப்பட்டிருக்குன்னு அர்த்தம். ராம்நிட், சாலிட்டி எல்லாம் அந்த வகை. அப்போ அந்த டிஸ்க்கில் இருந்து எந்த செட்டப் ஃபைலையும் புது சிஸ்டத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. "ஹேக்டூல்" என்றால் பெரும்பாலும் அந்த ஆக்டிவேட்டரேதான். பெயரின் கடைசியில் ஆச்சரியக்குறி போட்டு எம்எல் என்று இருந்தால் கணிப்பால் பிடிச்சது, நல்ல ஃபைலாகவும் இருக்கலாம், விசாரிச்சு அழியுங்க.

ஏற்காடு எஸ்டேட்:
குறுக்கே கேட்கிறேன், மன்னிக்கணும் சார். எங்க காபி எஸ்டேட் ஆபீசுக்கும் கீழே சேலத்திலிருந்து பென் டிரைவில்தான் கணக்கு வருது. இங்கே இதுவரை அறிகுறி எதுவும் இல்லை. மழை வந்தால் நெட் நாள் கணக்கா இருக்காது, டிஃபெண்டர் அப்டேட் ஆகி ரெண்டு மாசம் ஆச்சு. அப்டேட்டைக் கீழேயிருந்து எப்படிக் கொண்டுவருவது? பென் டிரைவே வேண்டாம்னு பார்க்கிறேன்.

அஸ்தம்பட்டி சர்வீஸ்:
நல்ல கேள்விங்க சார். மைக்ரோசாஃப்ட் தளத்தில் டிஃபெண்டருக்கான கையால் இறக்கும் அப்டேட் ஃபைல் இருக்கு, எம்பிஏஎம்-எஃப்இ என்று பெயர், 100 எம்பிக்கு மேலே வரும். 64 பிட் ரகம் எடுங்க. கீழே வரும்போது ஆண்ட்ராய்டு போனில் இறக்கிக்கிட்டு, மேலே போய் கேபிள் போட்டு "ஃபைல் ட்ரான்ஸ்ஃபர்" முறையில் காப்பி பண்ணுங்க. அந்த முறையில் போனுக்கு விண்டோஸ் டிரைவ் எழுத்து கொடுக்காது. இந்த ஷார்ட்கட் வார்ம்கள் டிரைவ் எழுத்தைத் தேடித்தான் பாயும், அதனால் போனில் ஒட்டாது. காப்பி பண்ணின பிறகு டபுள் கிளிக் பண்ணினால் போதும், திரையில் ஒண்ணும் காட்டாமலே முடிஞ்சுடும். விண்டோஸ் செக்யூரிட்டியில் தேதி மாறியிருக்கான்னு பாருங்க. பிறகு முழு ஸ்கேன். மேலே சொன்ன கமாண்ட் லைன் சோதனைக்கு நெட்டே வேண்டாம், இப்பவே பார்த்துடலாம்.

லீபஜார் கணக்கு:
மெயில் சிஸ்டம் சரியாச்சுங்க, 11 தளம் இருந்தது, எல்லாம் எடுத்தாச்சு. "நிறுவனத்தால்" வரி இல்லை. பிரிண்டர் சிஸ்டத்தில் டார்கெட்டில் விபிஎஸ்தான் இருந்தது. ஹிஸ்டரியில் முதல் சொல் வார்ம். புது பென் டிரைவ் போட்டு அரை மணி நேரம் விட்டேன், ஷார்ட்கட் வரலை.

ரீட்மீயை போட்டோ எடுத்து வெச்சிருந்தேன், ஐடி 1இல் முடியலை. ஆடிட்டர் ஆபீசில் போன மாசம் 28ஆம் தேதி கொடுத்த டாலி பேக்கப் இருக்குதாம். புது டிஸ்க்கில் அதை ஏற்றலாமா?

குகை நெட்வொர்க்:
ஆன்லைன் சாவிதான், வருத்தமா இருக்குங்க. பேக்கப் நல்லதாப் போச்சு. ஆடிட்டர் சிஸ்டத்தில் இருந்து பேக்கப் ஃபைலை மட்டும் மெயிலில் வாங்குங்க, பென் டிரைவில் வேண்டாம். முதலில் புது விண்டோஸ், அதன் அப்டேட், காசு கொடுத்து வாங்கின ஆபீஸ், டாலி, அப்புறம் ரெஸ்டோர். 28ஆம் தேதிக்குப் பிறகு வந்த கொள்முதலுக்கு போர்ட்டலில் ஜிஎஸ்டிஆர் 2பி (சப்ளையர்கள் காட்டின பில் பட்டியல்) இறக்கிக்கோங்க, விற்பனைக்கு பில் புத்தகத்தின் கார்பன் நகலைப் பார்த்து ஏற்றுங்க. 20ஆம் தேதிக்குள்ள முடிச்சுடலாம்.