ஏரி மதகுச் சண்டையைப் புள்ளியும் அம்பும் தீர்க்குமா?

பென்னாகரத்தான்:
எங்க ஊர் ஏரி மதகைத் திறக்கலாமா வேண்டாமான்னு கோயில் திண்ணையில மூணு மணி நேரம் பேசினாங்க, முடியல. எம்.எஸ்சி.யில நான் படிச்ச, வாதங்களைப் படமாப் போட்டுப் பாக்கற முறைதான் ஞாபகம் வந்துச்சு; ஃபான் மின் டங்னு ஒரு ஆராய்ச்சியாளரோடது. 1995-ல சொன்னாரு: ஒரு வாதம் ஒரு புள்ளி, ஒன்னு இன்னொன்னைத் தாக்கினா ஒரு அம்பு. தாக்க ஆளில்லாத வாதம் நிக்கும், அது தாக்கினது விழும்; தாக்கினதெல்லாம் விழுந்தா, அடிபட்டது எழும். அவ்ளோதான்.

நோட்டுல போட்டேன். அ: நாத்து காயுது, திற. ஆ: கோடையில மாட்டுக்குத் தண்ணி வேணும், திறக்காதே. இ: மாட்டுக்கு போர் தண்ணி இருக்கு. ஆ-விலிருந்து அ-வுக்கு ஒரு அம்பு, இ-யிலிருந்து ஆ-வுக்கு ஒரு அம்பு. இ-யைத் தாக்க ஆளில்ல, அதனால ஆ விழுந்துச்சு, அ எழுந்துச்சு. அப்ப ஒரு பாட்டி சொன்னாங்க: "அந்தத் தண்ணியில ஃப்ளோரைடுப்பா, கறவை மாட்டுப் பல்லைப் பாரு." ஒரே அம்பு! இ சாய்ஞ்சுது, ஆ எழுந்துச்சு, அ படுத்துச்சு. அங்கயே வரைஞ்சு காட்டியிருக்கணும்.

அரூர் அக்கா:
தம்பி, ஆ-விலிருந்து அ-வுக்கு அம்பு போட்ட, திருப்பி ஏன் போடல? நாத்து காயுதுங்கிறதும் மதகை மூடாதேன்னுதானே சொல்லுது? போட்டுப் பாரு. பாட்டி சொன்னது மட்டும் நிக்கும், அ-வும் ஆ-வும் ஒன்னையொன்னு புடிச்சுக்கிட்டு அந்தரத்துல தொங்கும். உன் முடிவு கணக்குல வரல, நீ விட்ட ஒரு அம்புல வந்துச்சு. உங்களுக்கு மாடு இருக்கு, நெல்லு இல்ல. சரியா?

பென்னாகரத்தான்:
மாடு இருக்குக்கா. அந்த அம்பை விட்டது என் தப்புதான். ஆனா படம் இருந்ததாலதானே ஒரே பார்வையில புடிச்சீங்க? மூணு மணி நேரப் பேச்சுல அது யார் கண்ணுக்கும் படல. தொங்கினா தொங்கட்டும், அதுக்கும் வழி இருக்கு. பெஞ்ச்-கேப்பன்னு இன்னொரு ஆராய்ச்சியாளர் 2003-ல ஒவ்வொரு வாதத்துக்கும், அது எதைப் பெருசா நினைச்சுப் பேசுதுங்கிற ஒரு மதிப்பைச் சேர்த்தாரு. பயிர் பெருசா, கால்நடை பெருசான்னு கேக்கறவங்க வரிசைப்படுத்தினா, பெருசா நினைக்கறதைச் சின்னது சாய்க்க முடியாது.

அரூர் அக்கா:
கேக்கறவங்கன்னா யாரு? திண்ணையில உக்காந்தவங்களா? ஏரிக்குக் கீழ கூலிக்கு நடவு போற பொம்பளைங்களை அன்னிக்குக் கூப்பிட்டீங்களா? மதகு திறக்கலைன்னா அவங்களுக்கு அந்தப் பட்டத்துல வேலையே இல்ல. அது உன் நோட்டுல ஒரு புள்ளியாக்கூட இல்ல. இல்லாத புள்ளிக்கு எந்த டங்கும் அம்பு போட முடியாது.

பென்னாகரத்தான்:
கூப்பிடலக்கா. ஞாயித்துக்கிழமை நோட்டோட அந்தத் தெருவுக்குப் போறேன். பாட்டி சொன்னது ஈ; அவங்க வாதத்துக்கு உ-ன்னு எழுதி இடம் விட்டு வெச்சிருக்கேன்.