பின் டயர் இரண்டும் ஒரே அளவா? வட்டப்பாதையில் நான் பட்ட பாடு; உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

வட கரோலினாவில் கால் மைல் நீளமுள்ள, சாய்வே இல்லாத ஒரு தார்ப்பாதை. அங்கே சனிக்கிழமை இரவுகளில் பந்தயம் ஓடும் பக்கத்து வீட்டு நண்பரின் பழைய காருக்கு இரண்டு ஆண்டுகளாக டயர் வேலை பார்க்கிறேன். எங்கள் பிரிவில் 15 அங்குல ரிம், 70 வரிசைச் சாலை டயர் மட்டுமே போடலாம். வளைவுகள் எல்லாம் இடப்பக்கம்.

முதல் வாரம் நான்கு மூலையிலும் 225/70-15 மாட்டினேன் (225 மில்லிமீட்டர் அகலம், அதில் 70 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், 15 அங்குல ரிம்). கார் திரும்ப மறுத்தது. நண்பர் ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் முன்பக்கம் வெளிச்சுவரை நோக்கியே போயிற்று. ஓட்டம் முடிவதற்குள் வலது முன் டயரின் வெளி விளிம்பு மழுங்கிவிட்டது. ஸ்பிரிங்கை மாற்று என்றார் ஒருவர், அலைன்மென்ட் பார் என்றார் இன்னொருவர். அடுத்த காருக்கு வேலை பார்க்கும் பெரியவர் மட்டும் ஒரு டேப்பை எடுத்துவந்து, பின் டயர்களைச் சுற்றி அளந்தார். கால் அங்குலம்கூட வித்தியாசம் இல்லை.

காரணம் இதுதான். வளைவில் இரு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கரத் தொகுதிதான் டிஃபரன்ஷியல்; எங்கள் காரில் அதை வெல்டிங் செய்து பூட்டியிருக்கிறோம். பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். வளைவிலோ வலது சக்கரம் அதிக தூரம் போக வேண்டும். சுற்றளவு சமமாக இருந்தால் பின்னச்சு காரை நேராகவே தள்ளும். அடி குறுகிய டம்ளரைத் தரையில் படுக்கவைத்து உருட்டிப் பாருங்கள், தானாகவே வளைந்து போகும். வலது பின் டயரின் சுற்றளவு இடதைவிடப் பெரிதாக இருக்க வேண்டியது அதனால்தான். இந்த வித்தியாசத்தை அங்கே ஸ்டாகர் என்கிறார்கள்.

அன்றிரவே கணக்குப் போட்டேன். பின்சக்கரங்களுக்கு இடையே 5 அடி. வளைவின் ஆரம் ஏறக்குறைய 150 அடி. முப்பதில் ஒரு பங்கு. 84 அங்குலச் சுற்றளவுக்கு அது 2.8 அங்குலம். அடுத்த வாரம் இடது பின்னால் 205/70-15 போட்டேன். அதன் சுற்றளவு சுமார் 82.6 அங்குலம், 225-க்கு 86.1. வித்தியாசம் மூன்றரை. கொஞ்சம் கூடினால் என்ன என்று விட்டுவிட்டேன். பயிற்சியின் மூன்றாம் சுற்றிலேயே பின்பக்கம் வழுக்கிக் கார் முழுதாகச் சுழன்று நின்றது. நண்பருக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கைகள் நடுங்கியது இன்றும் நினைவிருக்கிறது.

ஸ்டாகர் கூடிப்போனது பாதிக் காரணம். மீதி, எடை. 205 மாட்டியதும் இடது பின் மூலை அரை அங்குலம் தாழ்ந்துவிட்டது. வலது முன்னும் இடது பின்னும் சேர்ந்து தாங்கும் எடை குறைந்தது. அது குறைந்தாலும் பின்பக்கம் வழுக்கும். இரண்டு தவறுகளும் ஒரே திசையில் வேலை செய்திருக்கின்றன. டயர் அளவை மாற்றிவிட்டுக் காரைத் தராசில் ஏற்றாமல் பாதைக்கு அனுப்பக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன்.

மூன்றாம் வாரம் இடதுக்கு 215/70-15. எண்ணை நம்பாமல் கடையிலேயே டேப்போடு உட்கார்ந்தேன். ஒரே அளவு அச்சிட்ட டயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் அரை அங்குலம்வரை மாறின. இருந்ததில் சிறிய 215, பெரிய 225 என்று பொறுக்கினேன். வித்தியாசம் இரண்டேகால் அங்குலம். இடது பின் ஸ்பிரிங்கின் திருகை இறக்கி எடையைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தோம். அன்று கார் வளைவின் உள்கோட்டைப் பிடித்துக்கொண்டே போயிற்று.

மறுமொழி, விர்ஜீனியாவிலிருந்து:

நல்ல பதிவு, நண்பரே. நாங்கள் ஓட்டுவது பயஸ் வகைப் பந்தய டயர், அதாவது உள்ளே இழைகள் குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்து ஓடுவது. அதில் எழுத்துமுறையே வேறு: 27.0/8.0-15 என்றால் முதல் எண் உயரம், அடுத்தது தரையில் படியும் பட்டையின் அகலம், கடைசி ரிம், எல்லாம் அங்குலத்தில். பயஸ் டயர் காற்றுக்கு ஏற்ப விரியும். காற்றழுத்தத்தை இரண்டு மூன்று பவுண்டு மாற்றினாலே டேப்பில் தெரியும். உங்கள் சாலை டயர் ரேடியல் வகை; அதில் சுற்றிலும் உள்ள எஃகுப் பட்டை இறுக்கிப் பிடிப்பதால் அந்த வசதி இல்லை, டயரையே மாற்ற வேண்டும். ஓடி வந்த சூட்டிலும் ஒருமுறை அளந்து பாருங்கள். எங்கள் காரில் குளிரில் 2 அங்குலமாக இருந்த ஸ்டாகர் ஓட்ட முடிவில் இரண்டரை ஆகியிருந்தது. கடைசிச் சுற்றுகளில் பின்பக்கம் ஏன் வழுக்கியது என்பது அப்போதுதான் விளங்கியது.

மறுமொழி, ஒஹாயோவிலிருந்து:

முன்சக்கர இழுவைக் கார் வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் பின்சக்கரங்கள் தனித்தனியே சுழல்கின்றன, ஸ்டாகருக்கு வேலை இல்லை. ஆனால் டயரின் உயரம் மாறினால் மூலைக்கு மூலை எடை மாறும் என்று மேலே எழுதியது எங்களுக்கும் பொருந்தும். நான் என் நான்கு சிலிண்டர் காரில் வலது பின்னால் ஓர் அளவு பெரிய டயரைப் போடுவது அதற்காகவே.

முதலில் எழுதியவர்:

விர்ஜீனியா நண்பருக்கு நன்றி. நேற்று சூட்டோடு அளந்தேன். ரேடியல்தான் என்றாலும் எட்டில் ஒரு அங்குலம் கூடியிருந்தது. இனி இரண்டு அளவையும் நோட்டில் குறிக்கிறேன்.