சேமித்தாலே தேதி விழ வேண்டுமா? ‘கடைசித் திருத்தம்’ வரியை வைத்து ஒரு சண்டை

வரித்தலை:

வணக்கம். நேற்று அலுவலகத்தில் ஒருவரோடு சாம்பார் சாதம் ஆறிப்போகும் வரை வாதம். தீரவில்லை, அதனால் இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

பத்து வருடமாக விம் என்ற எடிட்டரில்தான் எழுதுகிறேன். குறிப்பு, ஸ்கிரிப்ட், கான்ஃபிக் கோப்பு எல்லாமே அதில்தான். ஒவ்வொன்றின் தலையிலும் ‘கடைசித் திருத்தம்:’ என்று ஒரு வரி இருக்கும். சேமிக்கும்போது விம் அந்த வரியைத் தேடிப் பிடித்து அப்போதைய தேதியையும் நேரத்தையும் போட்டுவிடும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. விம்மின் உதவிப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது: கோப்பை எழுதுவதற்குச் சற்று முன்னால் தானாக ஓடும் ஒரு கட்டளை (ஆட்டோகமாண்ட்), முதல் 20 வரிக்குள் தேடித் தேதியை மாற்றும் ஒரு சின்ன ஃபங்ஷன். அங்கே எச்டிஎம்எல் கோப்புக்கு மட்டும் போட்டிருக்கிறார்கள். நான் எல்லாக் கோப்புக்கும் திறந்துவிட்டேன்.

நண்பர் கேட்பது இதுதான்: தேதி வைப்பது இயங்குதளத்தின் வேலை, திருத்த வரலாறு வைப்பது கிட் என்ற பதிப்புக் காப்பு மென்பொருளின் வேலை, நடுவில் எடிட்டருக்கு என்ன வேலை? என் கட்சி: கோப்பு எங்கே போனாலும் அதன் தேதி அதோடு போக வேண்டும். உங்கள் ஓட்டு யாருக்கு?

கிளைக்குரங்கு:

உங்கள் நண்பருக்கு. யோசிக்கவே வேண்டாம்.

முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் எல்லா சோர்ஸ் கோப்பிலும் மூன்றாவது வரி இந்தத் தேதி முத்திரைக்கு என்று விதி. இரண்டு பேர் இரண்டு பிராஞ்சில் (தனித்தனிக் கிளைப் பிரதியில்) ஒரே கோப்பைத் தொட்டால் போதும். ஒருவர் 40-ஆம் வரியையும் இன்னொருவர் 900-ஆம் வரியையும் மாற்றியிருப்பார், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. ஆனாலும் இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கும் மெர்ஜ் மூன்றாவது வரியில் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த ஒரு வரியை இருவருமே மாற்றியிருக்கிறார்களே!

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் முப்பது சொச்சம் கோப்பு இப்படி வந்து நின்றது. உன் தேதியா, என் தேதியா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சலித்துப்போய், எல்லாவற்றுக்கும் ‘என்னுடையதே இருக்கட்டும்’ என்று ஒரே அடியாகக் கொடுத்துவிட்டு பஸ் பிடித்தேன். அந்த முப்பதில் ஒன்றில் நிஜமான கான்ஃபிளிக்ட் இருந்திருக்கிறது. இன்னொருவர் இரண்டு நாள் உட்கார்ந்து செய்த திருத்தம் காணாமல் போனது திங்கட்கிழமைதான் தெரிந்தது. அவர் இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

அடைப்புக்குறி:

அது உங்கள் சோம்பேறித்தனம் அண்ணே, முத்திரை என்ன செய்யும்?

நான் ஈமேக்ஸ் என்ற இன்னொரு எடிட்டரின் ஆள். இதற்கென்றே ‘டைம்-ஸ்டாம்ப்’ என்று ஒரு வசதி கூடவே வருகிறது. சேமிப்பதற்கு முன் ஓடும் ஹூக்கில் ஒரு வரி சேர்த்தால் வேலை முடிந்தது. முதல் எட்டு வரிக்குள் அதற்கான சொல்லும் கோண அடைப்புக்குறியும் இருந்தால் மட்டும் உள்ளே தேதியை நிரப்பும், இல்லாவிட்டால் கோப்பைத் தொடாது. அதாவது கேட்ட கோப்புக்கு மட்டும்தான் வேலை செய்யும். வரித்தலை எல்லாக் கோப்புக்கும் திறந்துவிட்டேன் என்கிறாரே, அங்கேதான் எனக்கே கொஞ்சம் பயம்.

ஆனால் ‘தேதி வைப்பது இயங்குதளத்தின் வேலை’ என்ற வாதத்தை ஒப்புக்கொள்ள மாட்டேன். கோப்பு முறைமை வைத்திருக்கும் அந்த எம்டைம், அதாவது கோப்பு கடைசியாக மாறிய நேரம், எவ்வளவு நோஞ்சான் தெரியுமா? சாதாரணமாகக் காப்பி எடுத்தால் புது நேரம் வந்துவிடும், பழையது வேண்டுமென்றால் அதற்கான சுவிட்ச் போட வேண்டும். டச் என்ற கட்டளை கொடுத்தால் எந்த நேரத்தையும் சொல்லலாம், 1985 என்றுகூட. ஃபேட் வடிவமைப்பில் இருக்கும் பென் டிரைவில் அந்த நேரத்துக்குத் துல்லியமே 2 வினாடிதான். வாட்ஸாப்பில் அனுப்பினால் வாங்கியவருக்கு வந்து இறங்கிய நேரம். எல்லாவற்றுக்கும் மேல், கிட் எம்டைமைச் சேமித்து வைப்பதே இல்லை. கிட்டிலிருந்து குளோன், அதாவது முழுப் பிரதி, எடுத்தால் பத்து வருடம் பழைய கோப்பும் ‘இரண்டு நிமிடத்துக்கு முன்’ என்று காட்டும்.

கிளைக்குரங்கு:

எம்டைமை நம்பக்கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ரெப்போவில், அதாவது கிட் காக்கும் ஃபோல்டரில், இருக்கும் கோப்புக்கு லாக் (திருத்தப் பட்டியல்) கேட்டால் எப்போது, யார், ஏன் மூன்றும் வரும். உங்கள் முத்திரை ‘எப்போது’ மட்டும்தான் சொல்லும். அதையும் முழுசாகச் சொல்வதில்லை. அது திருத்திய நேரமா, சேமித்த நேரமா? கோப்பைத் திறந்து ஒன்றும் செய்யாமல், பழக்க தோஷத்தில் சேமித்துவிட்டு மூடினால்? உள்ளே ஒரு எழுத்து மாறியிருக்காது, தேதி மட்டும் புத்தம் புதிதாகப் பளபளக்கும்.

வரித்தலை:

அதற்கு என்னிடம் மருந்து இருக்கிறது. பஃபர் (எடிட்டரில் திறந்திருக்கும் பிரதி) மாறியிருக்கிறதா என்று முதலில் பார்க்கும், மாறாவிட்டால் தேதியைத் தொடாது.

இப்படி ஒவ்வொன்றாக ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டுத்தான் இந்த ஃபங்ஷன் இன்றைய நிலைக்கு வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் பதிப்பில் சேமித்த உடனே கர்சர் கோப்பின் தலைக்கு ஓடிவிடும். உதவிப் பக்க உதாரணம் இடத்தை எஸ் என்ற மார்க்கில் குறித்து வைத்துத் திரும்பி வருகிறது. ஆனால் நான் அதே எஸ் மார்க்கை வேறு எதற்கோ வைத்திருந்தேன், அது போனது. அப்புறம் பார்வை நிலையை எடுத்துவைத்துத் திரும்பப் போடும் ஃபங்ஷன்களுக்கு மாறினேன். அடுத்து, அன்டூ. ஒரு பத்தியைத் தவறாக அழித்துவிட்டு அன்டூ அடித்தால் முதலில் திரும்புவது தேதி வரி, திரையும் மேலே குதிக்கும். அதற்கு, இரண்டு மாற்றங்களையும் ஒரே அன்டூவாகச் சேர்க்கும் அன்டூஜாயின் போட்டேன். அன்டூ செய்த கையோடு சேமித்தால் அதுவே பிழை காட்டி நிற்கிறது, அதற்கு இன்னொரு ஒட்டு.

உச்சக்கட்டம் கேளுங்கள். இந்த ஃபங்ஷனையே விம்மின் கான்ஃபிக் கோப்பில் முதல் 20 வரிக்குள் எழுதியிருந்தேன். ‘கடைசித் திருத்தம்:’ என்ற சொல்லைத் தேடு என்று அந்த வரியிலேயே இருக்கிறதல்லவா? சேமித்தேன். ஃபங்ஷன் தன் உடம்பையே தேடிப் பிடித்து, அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருந்த நிரலை முழுங்கிவிட்டு அந்த இடத்தில் தேதியைப் போட்டது. அடுத்த முறை விம் திறந்தபோது திரை முழுக்கச் சிவப்பு.

கிளைக்குரங்கு:

இதைப் படித்துவிட்டு நான் வாதமே செய்ய வேண்டியதில்லை போலிருக்கிறது.

மண்டலக்காப்பாளர்:

சிரித்து முடித்துவிட்டீர்களா? நான் சர்வர் பார்க்கும் ஆள். தானாக விழும் தேதி இல்லாவிட்டால் வேலையே கெட்டுப்போகும் ஓர் இடத்தைச் சொல்கிறேன்: டிஎன்எஸ் சோன் கோப்பு, அதாவது எந்த இணையப் பெயருக்கு எந்த ஐபி முகவரி என்று சொல்லும் கோப்பு.

அதன் தலையில் ஒரு சீரியல் எண் இருக்கும். முதன்மை சர்வரில் நாம் திருத்துவோம். துணை சர்வர்கள் அந்த எண் கூடியிருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். கூடாவிட்டால் புதுக் கோப்பை வாங்கிக்கொள்ளாது. ஐபியை மாற்றிவிட்டுச் சீரியலைக் கூட்ட மறந்தால், பாதிப் பேருக்குப் புது முகவரி, மீதிப் பேருக்குப் பழையது. ‘எனக்கு வருதே’, ‘எனக்கு வரலையே’ என்று ராத்திரி இரண்டு மணிக்கு போன் வரும். இந்த வேலையில் இருக்கிறவர் யாராவது ஒரு முறையாவது இதை மறக்காமல் இருந்திருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

வழக்கமாக இந்த எண்ணை வருடம், மாதம், நாள், அன்றைய எத்தனையாவது திருத்தம் என்று எழுதுவோம். 2025011402 என்றால் 2025 ஜனவரி 14, இரண்டாவது திருத்தம். 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1912 என்ற இணைய ஆவணம் பரிந்துரைக்கும் வடிவம் இது. 32 பிட் எண் என்பதால் உச்சம் 4294967295. ஆக, கி.பி. 4294 வரை கவலையில்லை, அதற்கப்புறம் வருகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். என் எடிட்டர் சோன் கோப்பைச் சேமிக்கும்போது தேதியைப் பார்த்து இந்த எண்ணைத் தானே கூட்டிவிடும்.

கையால் போடுகிறவர் ஒரு நாள் 2025-க்குப் பதிலாக 2052 என்று அடித்துவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? குறைக்க முடியாது, குறைந்த எண்ணைத் துணை சர்வர் பழையது என்று ஒதுக்கிவிடும். 2147483647-ஐக் கூட்டி, எல்லாத் துணை சர்வரும் வாங்கும் வரை காத்திருந்து, அப்புறம் சரியான எண்ணைப் போட வேண்டும். எண் ஒரு வட்டமாகச் சுற்றி வருகிறது என்ற கணக்கில்தான் அது செல்லும். இந்தச் சுற்றை ஒரு முறை செய்தவர் எடிட்டரைத் திட்ட மாட்டார்.

கிளைக்குரங்கு:

அருமையான உதாரணம், ஆனால் என் பக்கத்துக்கு. உங்கள் துணை சர்வருக்கு அது தேதி என்றே தெரியாது. அதற்கு வேண்டியது கூடிக்கொண்டே போகும் ஓர் எண், அவ்வளவுதான். மனிதன் படிக்க வசதியாகத் தேதி வேஷம் போட்டிருக்கிறீர்கள். அதைப் படிக்க ஒரு மெஷின் இருக்கிறது, மாறாவிட்டால் மெஷின் கோபித்துக்கொள்கிறது. வரித்தலையின் வரியை எந்த மெஷின் படிக்கிறது?

மண்டலக்காப்பாளர்:

சரி, எண் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சேமிக்கும்போது எடிட்டர் தானே மாற்றினால் நல்லதா இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

கிளைக்குரங்கு:

சோன் கோப்பில் நல்லது.

அடைப்புக்குறி:

ஸ்கிரீன்ஷாட் எடுத்தாச்சு.

புளியமரத்தடி:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். முத்திரை வேண்டுமா வேண்டாமா என்பது கிடக்கட்டும். போடுகிறவர்கள் நேர மண்டலத்தைப் போடுவதில்லை, அதுதான் என் ஆத்திரம்.

சென்னையில் ஒருவரோடு ஒரு பகிர்வு ஃபோல்டரில் ஒரே ஆவணத்தை மாற்றி மாற்றித் திருத்துகிறோம். நான் ராத்திரி 19:30-க்குச் சேமித்தேன். அவர் அதைத் திறந்து திருத்திச் சேமித்தபோது அவர் கடிகாரத்தில் 17:40. எனக்குப் பத்து நிமிடம் குழப்பம்: இது என்ன, என் பிரதியைவிடப் பழையதா? நான்தான் கடைசியா? உண்மையில் எனக்கு அப்போது 20:10. எங்களுக்கு நடுவே இரண்டரை மணி நேரம் இருக்கிறது, வரியில் அதற்குத் தடயமே இல்லை. +05:30 என்று ஆறு எழுத்து சேர்த்திருந்தால் தீர்ந்தது.

இன்னொன்று, மாதத்தை எண்ணாகவே போடுங்கள். என் மடிக்கணினியில் மொழி அமைப்பு தமிழ். எடிட்டர் மாதப் பெயரை அழகாகத் தமிழிலேயே போட்டது. அந்த வரியைப் படித்து வரிசைப்படுத்தும் அவருடைய ஸ்கிரிப்ட் அங்கேயே மூச்சு நின்றுபோனது.

உரிமக்கண்:

யாரும் தொடாத ஒரு பக்கம். ‘நடுவில் எடிட்டருக்கு என்ன வேலை’ என்று கேட்ட நண்பருக்கு: ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் 2-ஆம் பதிப்பு, 1991-இல் வந்தது, அதன் பிரிவு 2 உட்பிரிவு ஏ. பிறர் எழுதிய கோப்பை மாற்றி வெளியிட்டால், மாற்றிய கோப்பிலேயே ‘நான் மாற்றினேன், இந்தத் தேதியில்’ என்று கண்ணில் படும்படி அறிவிப்பு இருக்க வேண்டும் என்கிறது. லாகில் இருந்தால் போதும் என்று அதில் இல்லை. டார் கோப்பாகக் கட்டிக் கொடுக்கும்போது கிட் வரலாறு கூடப் போவதும் இல்லை.

கிளைக்குரங்கு:

அந்த விதியை எழுத்துக்கு எழுத்து பின்பற்றுகிறவரை நான் நேரில் பார்த்ததில்லை. தவிர, 2007-இல் வந்த 3-ஆம் பதிப்பில் ‘கோப்பு’ போய் ‘படைப்பு’ என்று ஆகிவிட்டது. மொத்தப் படைப்பில் ஓரிடத்தில் அறிவிப்பும் பொருத்தமான ஒரு தேதியும் இருந்தால் போதும்.

இன்னும் ஒன்று. இப்படி வெளியே கட்டிக் கொடுக்கும்போது மட்டும் தேதி வேண்டுமென்றால் கிட்டிலேயே வழி உண்டு. ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் ‘எக்ஸ்போர்ட்-சப்ஸ்ட்’ என்று குறித்துவிட்டால், ஆர்கைவ் எடுக்கும் நேரத்தில் கமிட்டின், அதாவது கிட்டில் பதிந்த திருத்தத்தின், தேதியை உள்ளே நிரப்பிக் கொடுக்கும். வேலை செய்யும் பிரதியில் அந்த வரி மாறவே மாறாது, மெர்ஜும் முட்டாது.

புளியமரத்தடி:

இப்படித் தேதி போட்டால் ஒரே சோர்ஸிலிருந்து (நிரலிலிருந்து) எப்போதும் ஒரே பைனரி (கணினியில் ஓடும் கோப்பு) வர வேண்டும் என்ற கொள்கை அடிபடாதா? டெபியன் லினக்ஸ்காரர்கள் இதற்காகத்தானே பாடுபடுகிறார்கள்?

அடைப்புக்குறி:

அது வேறு. அவர்களுக்கு எதிரி, பில்ட் செய்யும் நேரம் பைனரிக்குள் போய் உட்கார்வது. சோர்ஸில் ஏற்கெனவே எழுதிக் கிடக்கும் தேதி எத்தனை முறை பில்ட் செய்தாலும் அதேதான். இந்தக் குற்றத்திலிருந்து முத்திரைக்கு விடுதலை.

ஆனால் எங்கள் ஈமேக்ஸ் முத்திரையில் ஒரு குறை, நானே சொல்லிவிடுகிறேன். இயல்பாக விட்டால் தேதியோடு கணினியில் நுழையும் பயனர் பெயரையும் சேர்க்கும். வெளியே அனுப்பும் கோப்பில் அது வேண்டாதவர்கள் வடிவத்தை மாற்றிக்கொள்ளுங்கள். என் பயனர் பெயர் கல்லூரியில் வைத்தது. வாடிக்கையாளர் ஒருவர் அதைச் சத்தமாகப் படித்துக் கேட்ட நாளை மறக்க முடியாது.

வரித்தலை:

இரண்டு நாள் யோசித்தேன். குறிப்புகள் இருக்கும் ஃபோல்டர் எந்த ரெப்போவிலும் இல்லை. அவை மெயிலிலும் பென் டிரைவிலும் தனியாகத்தான் ஊர் சுற்றுகின்றன. போன வருடம் பழைய மடிக்கணினியிலிருந்து மாற்றியபோது எல்லாக் கோப்பின் எம்டைமும் ஒரே நாளாகிவிட்டது. அன்று ஒரே பெயரில் கிடந்த இரண்டு பிரதிகளில் எது புதிது என்று சொன்னது தலையில் இருந்த வரிதான். ஆகவே அந்த ஃபோல்டரில் ஆட்டோகமாண்ட் இருக்கும், +05:30-உடன், முதல் எட்டு வரிக்கு மட்டும்.

அலுவலக ரெப்போவில் என் கோப்புகளிலிருந்து அந்த வரியைத் தூக்கிவிட்டேன். ஒரே கமிட், 64 கோப்பு. இப்போது புதுத் தலைவலி: எந்த வரியை யார் கடைசியாக மாற்றினார் என்று காட்டும் பிளேம் போட்டால் எல்லாக் கோப்பின் தலைப்பகுதியிலும் என் பெயர் நிற்கிறது, அந்த வரியோடு சேர்த்துக் கீழே இருந்த வரிகளையும் கொஞ்சம் ஒழுங்குபடுத்தித் தொலைத்தேன்.

கிளைக்குரங்கு:

அந்தக் கமிட்டின் ஹாஷை (அடையாள எண்ணை) ஒரு கோப்பில் எழுதி, பிளேமுக்கு ‘இக்னோர்-ரெவ்ஸ்-ஃபைல்’ என்று கொடுங்கள். கிட் 2.23-இலிருந்து இருக்கிறது. அந்தக் கமிட்டைத் தாண்டிப் போய்ப் பழைய ஆளைக் காட்டும்.

வரித்தலை:

போட்டுவிட்டேன், வேலை செய்கிறது. நண்பரிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.