நான்ஸி ட்ரூ, காப்பிரைட் 1930: முதல் பதிப்புதானா?

ஒஹாயோவாசி:
பக்கத்துத் தெருவுல ஒரு வீட்டுல எஸ்டேட் சேல், அதாவது வீட்டுச் சாமானையெல்லாம் மொத்தமா வித்துக் காலி பண்றாங்க. அட்டைப்பெட்டிக்குள்ள நான்ஸி ட்ரூங்கற துப்பறியும் பொண்ணோட கதைத்தொடர்ல ரெண்டு புத்தகம் கிடந்துது, ரெண்டும் சேர்த்து எட்டு டாலருக்கு எடுத்தேன். நீலக் காலிகோ அட்டை. ஒண்ணு 'தி சீக்ரெட் ஆஃப் தி ஓல்ட் கிளாக்', ஓரமெல்லாம் நைஞ்சுபோன மேலுறையோட. காப்பிரைட் பக்கத்துல 1930, குரோசெட் அண்ட் டன்லப், நியூயார்க். வேற வருஷமே கிடையாது. இன்னொண்ணு 'தி ஹாண்டட் பிரிட்ஜ்', 1937, மேலுறை இல்லை. ஆன்லைன்ல '1930 முதல் பதிப்பு'ன்னு போட்டு நூத்துக்கணக்குல டாலர் சொல்றாங்க. என்கிட்ட இருக்கறதும் அதுதானா? எப்படித் தெரிஞ்சுக்கறது?

மாம்பலம்_மணி:
வேற வருஷம் இல்லைன்னா முதல் பதிப்புதானே பாஸ்? நம்ம ஊர்ல 'முதற் பதிப்பு', 'மூன்றாம் பதிப்பு'ன்னு வரிசையா போட்டுடுவாங்களே.

பழுப்புத்தாள்:
மணி, அந்தக் கணக்கு இங்கே செல்லாது. குரோசெட் மலிவு விலைக்கு மறுபடி மறுபடி அச்சடிச்சுத் தள்ளின கம்பெனி. நான்ஸி ட்ரூ அப்போ ஐம்பது சென்ட் புத்தகம். எத்தனை தடவை அச்சுக்குப் போனாலும் காப்பிரைட் பக்கம் அதேதான். 1930-ல வந்ததுலயும் 1930, 1950-ல வந்ததுலயும் 1930. ஆன்லைன்ல விக்கிறவங்கள்ல பாதிப்பேர் அந்த ஒரு எண்ணை வெச்சுத்தான் வியாபாரம் பண்றாங்க.

ஒஹாயோ தம்பி, காப்பிரைட் பக்கத்தை மூடிட்டு புத்தகத்தோட கடைசிப் பக்கங்களைத் திருப்புங்க. அங்கே விளம்பரம் இருக்கும், இந்தத் தொடர்ல இதுவரை வந்த புத்தகங்கள்னு ஒரு பட்டியல். அது எந்தப் புத்தகத்தோட முடியுதோ, ஏறக்குறைய அந்த வருஷத்துலதான் உங்க பிரதி அச்சாகியிருக்கும். முதல் மூணு கதையும் 1930 ஏப்ரல்ல ஒண்ணா வந்தது, நாலாவதும் அதே வருஷம். அதனால 'ஓல்ட் கிளாக்' நிஜமாவே முதல் அச்சுன்னா பட்டியல் மூணு நாலு புத்தகத்துக்கு மேல போகக் கூடாது. பக்கத்துலயே மத்த தொடர்களோட விளம்பரமும் இருக்கும், அதையும் விடாதீங்க. ஜூடி போல்டன் இருந்தா 1932-க்கு அப்புறம், டானா கேர்ள்ஸ் இருந்தா 1934-க்கு அப்புறம்.

அடுத்தது படம். ரஸ்ஸல் டேண்டி வரைஞ்சது. ஆரம்பத்துல வழவழன்னு ஆர்ட் பேப்பர்ல முகப்புல, அதாவது தலைப்புப் பக்கத்துக்கு எதிரே ஒண்ணு, உள்ளே மூணுன்னு ஒட்டியிருப்பாங்க. 1937-லேர்ந்து உள்ளே இருந்த மூணும் போச்சு. யுத்த சமயத்துல முகப்புப் படமும் சாதாத் தாளுக்கு வந்துடுச்சு. கண்ணை மூடிட்டுத் தடவினாலே தெரியும். கதைக்குள்ள வர்ற தாள் சொரசொரன்னு இருக்கும், படத்துல விரல் வழுக்கும். அட்டையைத் திறந்ததும் ரெண்டு பக்கமும் வெறும் வெள்ளையா இருந்தா ரொம்பப் பழசு. ஆரஞ்சு நிறத்துல உருவம் அச்சடிச்சிருந்தா பிந்தினது.

அப்புறம் அத்தியாயங்களை எண்ணுங்க. 1959-லேர்ந்து பழைய கதைகளைத் திருத்தி எழுதிச் சுருக்கினாங்க. 25 அத்தியாயம் 20 ஆச்சு, 16 வயசு நான்ஸி 18 ஆனா. மில்ட்ரெட் விர்ட் பென்சன் ஒரு புத்தகத்துக்கு 125 டாலர் வாங்கிட்டு, உரிமையையும் எழுதிக் குடுத்துட்டு எழுதின அந்தத் துடுக்கான பொண்ணு திருத்தின பதிப்புல அடங்கிப் போயிட்டா. எனக்கு அந்தக் கோபம் இன்னும் இருக்கு, அது வேற கதை.

அப்பிள்வுட்னு பேர் எங்கேயாவது இருக்கான்னும் பாருங்க. 1991-லேர்ந்து அவங்க பழைய அமைப்பு, பழைய படங்களோட அப்படியே நகல் பதிப்பு போட்டாங்க. நல்ல பதிப்புதான், ஆனா பழசு இல்லை.

ஒஹாயோவாசி:
அக்கா, பார்த்துட்டேன். 'ஓல்ட் கிளாக்'ல 25 அத்தியாயம், ஆர்ட் பேப்பர் படம் நாலு. பட்டியல் 'தி மிஸ்டரி ஆஃப் தி ஐவரி சார்ம்'ல முடியுது. ஆனா மேலுறையில இருக்கற பட்டியல் 'பிராஸ் பவுண்ட் ட்ரங்க்' வரைக்கும் போகுது. 'ஹாண்டட் பிரிட்ஜ்'ல முகப்புப் படம் ஒண்ணுதான், பட்டியல் அதோட பேர்லயே முடியுது. அப்பிள்வுட் எங்கேயும் இல்லை.

பழுப்புத்தாள்:
'ஐவரி சார்ம்' 1936. அதுக்கு அடுத்தது 1937-ல வந்துடுச்சு. ஆக உங்க 'ஓல்ட் கிளாக்' 1936 வாக்குல அச்சானது. முதல் அச்சு இல்லை. ஆனா நாலு படமும் இருக்கற கடைசிக் காலத்துப் பிரதி, பழைய கதை, எட்டு டாலருக்குக் கொள்ளை லாபம். மேலுறை அதோட பிறந்தது இல்லை. 'பிராஸ் பவுண்ட் ட்ரங்க்' 1940. யாரோ வேற பிரதியிலேர்ந்து கழட்டி மாட்டியிருக்காங்க. விக்கறதா இருந்தா இதை மறைக்காம எழுதுங்க, வாங்கறவங்க முதல்ல அதைத்தான் ஒப்பிட்டுப் பார்ப்பாங்க.

நான் உட்கார்ந்து பார்க்கறது 'ஹாண்டட் பிரிட்ஜ்'தான். 1937, பட்டியல் அதோடயே நிக்குது, ஒரே படம். எல்லாம் பொருந்துது. பெட்டியில கவனிக்காம விட்டது அதுவாத்தான் இருக்கும், எல்லாரும் 1930-ஐத்தானே தேடுவாங்க! ஆனா ஒரே வருஷத்துல ரெண்டு மூணு தடவை அச்சாகியிருக்கலாம், பட்டியலை மட்டும் வெச்சுத் தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஃபாராங்கறவர் நான்ஸி ட்ரூ சேகரிக்கறவங்களுக்காகத் தொகுத்த வழிகாட்டியில ஒவ்வொரு அச்சையும் தனித்தனியா பிரிச்சிருக்கார், அதோட ஒத்துப் பாருங்க. முன்பக்கப் பட்டியல், பின்பக்க விளம்பரம், முதுகுப்பக்கம் மூணையும் போட்டோ எடுத்துப் போடுங்க.

மாம்பலம்_மணி:
அக்கா, என்கிட்ட நான்ஸி ட்ரூ ஆர்மடா பேப்பர்பேக் ஒரு அடுக்கு இருக்கு. அதுக்கு ஏதாவது மதிப்பு உண்டா?

பழுப்புத்தாள்:
அது இங்கிலாந்து காலின்ஸோட பதிப்பு மணி, வரிசை எண்கூட அமெரிக்க எண்ணோட ஒத்துப்போகாது. நீங்க படிக்க வெச்சுக்கோங்க. ஹார்டி பாய்ஸ்னு பசங்க துப்பறியற தொடர் ஒண்ணு இருக்கு, அதுல பழசு கண்ணுல பட்டா சொல்லுங்க. 1927-ல சிவப்பு அட்டையில ஆரம்பிச்சு 1932-ல பழுப்புக்கு மாறினது, அதனால சிவப்பைப் பார்த்தா விடாதீங்க. பட்டியல் கணக்கு அதுக்கும் இதேதான்.

தம்பி, அந்த மேலுறை எந்தப் பிரதியோடதா இருந்தாலும் கிழிசலுக்கு செல்லோடேப் மட்டும் ஒட்டிடாதீங்க. மைலார்னு கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் உறை இருக்கு, அதை வாங்கிப் போடுங்க.