மறு: ‘டேமேஜ் கண்ட்ரோல் சர்ஜரி’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம். உயிர் தங்கத் தேவையானதை மட்டும் அவசரமாகச் செய்து, மீதியைப் பிறகு முடிக்கும் ‘டேமேஜ் கண்ட்ரோல் சர்ஜரி’க்குத் தமிழ்ச் சொல் தேடும் இழைக்கு என் பதில் இது.

> ‘சேதக் கட்டுப்பாட்டு அறுவை’ போதாதா? எல்லோருக்கும் புரிகிறதே.

போதாது என்றே நினைக்கிறேன், ஐயா. சேதத்தைக் கட்டுப்படுத்தாத அறுவை எது? குடல்வாலை எடுப்பதும் அதற்குத்தானே. ‘டேமேஜ் கண்ட்ரோல்’ கடற்படைப் பேச்சிலிருந்து வந்த பெயர். அடிபட்ட கப்பலில் நீர் புகும் இடத்தை அடைத்து, தீயை அணைத்து, துறைமுகம் சேரும்வரை எப்படியாவது மிதக்கவிடுவார்கள். முழுப் பழுதுபார்ப்பு அப்புறம். 1993இல் ஃபிலடெல்ஃபியாவில் சர்ஜன் ரோட்டோண்டோ குழுவினர் வயிற்றில் குண்டு பாய்ந்தவர்களுக்கான சிகிச்சைக்கு இந்தப் பெயரைச் சூட்டி எழுதினார்கள். அது நிலைத்துவிட்டது.

ரத்தம் நிறைய இழந்தவருக்கு உடல் குளிர்கிறது, ரத்தத்தில் அமிலம் ஏறுகிறது, உறையும் திறன் குறைகிறது. மூன்றும் ஒன்றையொன்று கிளப்பிவிடும். அந்த நேரத்தில் மணிக்கணக்காக நின்று குடலை அழகாக இணைத்தால் தையல் பிழைக்கும், ஆள் பிழைக்கமாட்டார். அதனால் கல்லீரலைச் சுற்றித் துணித் திண்டுகளை அழுத்தி வைக்கிறார்கள். கிழிந்த குடலின் இரு முனைகளையும் இணைக்காமல் அடைத்துவிடுகிறார்கள். அறுந்த தமனிக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாய். வயிற்றைத் தைத்து மூடுவதில்லை, தற்காலிக உறைதான். பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் சூடேற்றி, ரத்தம் ஏற்றி, பெரும்பாலும் ஓரிரு நாளில் மறுபடி திறக்கிறார்கள்.

வெளிநாட்டுக் களத்துக்குப் போகும் ராணுவ சர்ஜன்களுக்கு இதைக் கற்றுக்கொடுப்பதில் கஷ்டமான இடம் வெட்டுவதோ தைப்பதோ அல்ல, பாதியில் கையை எடுப்பது. ஊரில் ஒரே உறுப்பில் தேர்ந்தவர், துளைவழி அறுவையில் பழகியவர், களத்தில் மண்டையோட்டைத் துளைக்கவும் வேண்டும், சமயத்தில் சிசேரியனும் செய்ய வேண்டும். அமெரிக்கத் தரைப்படை மயாமியின் ரைடர் விபத்துக்காய சிகிச்சை மையத்துக்கும், கடற்படை லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி மருத்துவமனைக்கும் ஆட்களை அனுப்பியது இதற்காகத்தான். நகரத்துத் துப்பாக்கிக் காயங்கள் அங்கே தினமும் வரும். பிரிட்டன் சர்ஜனை மட்டும் தனியாகப் பழக்குவதில்லை. மயக்க மருத்துவர், அரங்கச் செவிலியர் எல்லோரும் சேர்ந்தே பயில்கிறார்கள். ‘போதும், நிறுத்துங்கள்’ என்று சொல்ல வேண்டியவர் பல நேரம் மயக்க மருத்துவர்தானே.

ஆப்கான் போரில் முதல் அறுவை களத்திலோ அங்கிருந்த பாக்ராம் தளத்து மருத்துவமனையிலோ நடக்கும், அடுத்தது ஜெர்மனியின் லாண்ட்ஸ்டூலில் உள்ள அமெரிக்க ராணுவ மருத்துவமனையில், வேறொருவர் கையால். உள்ளே எத்தனை திண்டு இருக்கிறது என்று கட்டின் மேலேயே மார்க்கரில் எழுதி அனுப்புவதும் உண்டு. தான் தொடங்கியதைத் தானே முடிப்போம் என்று அந்த முதல் சர்ஜன் நினைக்கவே முடியாது. சொல்லிலும் அந்த எண்ணம் இருக்க வேண்டும்.

> ‘உயிர்நிறுத்து அறுவை’ எப்படி?

அம்மா, நோயாளியின் உறவினர் காதில் இது எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள்! ‘இடைக்கால அறுவை’ பரவாயில்லை, ஆனால் இடைக்கால பட்ஜெட் வாசனை அடிக்கிறது. ‘படிநிலை அறுவை’ என்றால் முன்கூட்டியே திட்டமிட்டுப் பல கட்டமாகச் செய்வதும் அதில் வந்துவிடும்.

நான் முன்வைப்பது ‘தாக்குப்பிடிப்பு அறுவை’. கப்பலுக்கும் பொருந்துகிறது, ஆளுக்கும் பொருந்துகிறது. வேலை முடியவில்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. பேச்சுச் சொல், பாடநூலுக்கு எடுபடாது என்பீர்கள். ‘அறுவை’ மட்டும் என்னவாம்? மொக்கை ஜோக்குக்கும் அதைத்தான் சொல்கிறோம், பாடநூலில் யாரும் சிரிக்கவில்லையே.

கிளைச் சொற்களையும் போட்டுப் பார்த்தேன். எலும்பு முறிவில் வெளியே கம்பிச் சட்டம் பொருத்தி நிறுத்துவது ‘தாக்குப்பிடிப்பு எலும்பு அறுவை’. உப்புநீரைக் குறைத்து ரத்தமும் பிளாஸ்மாவும் ஏற்றுவது (‘டேமேஜ் கண்ட்ரோல் ரிசஸிடேஷன்’) ‘தாக்குப்பிடிப்பு மீளுயிர்ப்பு’. இது கொஞ்சம் நாக்கைச் சுளுக்குகிறது, வேறு இருந்தால் சொல்லுங்கள்.

அந்தத் தமனிக் குழாய்க்கு ‘இடைக்குழாய்’ என்று வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் சொல்வதுபோல் ‘ஷண்ட்’ என்றே விடலாமா? மருத்துவர்கள் யாராவது பதில் போடுங்கள்.